மாதிரி உருக்களின் அருமையும் எளிமையும்

திருவனந்தபுரத்திற்குத் தென்கிழக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் எல்லையில் வெள்ளறடை என்னும் ஊர் அமைந்துள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆகவே வெள்ளறடை, பாறசாலை முதலிய எல்லைப்புற ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள், இருந்த இடத்தைவிட்டு ஓர் அடியும் பெயராமலே வெளிமாநிலத் தமிழர் ஆயின. தொழில் நிமித்தம் மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் சென்று வாழும் நேயர்களுக்கு இவ்வூரார் ஒருவகையில் உறவினர் எனலாம்.

இவ்வூரை நடுவாக வைத்துச் சுற்றிப் பார்த்தால், பெருமைமிக்க மூன்று படைப்புகள் அண்மையிலேயே காணக் கிடைக்கின்றன. ஒன்று, தமிழ்நாட்டு மண்ணில் நின்றபோதிலும் கேரளத் தொல்பொருள் துறையின் காவலில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. மற்றொன்று, பறளியாற்றின் மேல் 1966இல் எழுந்த மாத்தூர்த் தொட்டிப்பாலம். மூன்றாவது, 1963 நவம்பர் 21ஆம் நாள் நைக்-அப்பாச்சி என்னும் ஆராய்ச்சி ராக்கெட்டு விண்ணேறிய தும்பாக் கடற்கரை. அங்கே, தொடக்க நாட்களில் ராக்கெட்டு வேலைக்குப் பயன்பட்ட மகதலேனா மரியாள் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. நம் நாட்டு ராக்கெட்டுகளின் மாதிரி உருக்களை அங்கே காணலாம்.

இவற்றையெல்லாம் கண்டு வீடு திரும்பிய பிள்ளை, "இவற்றுள் ஒன்றை நம் மேசையின்மேல் செய்து பார்க்கலாமா?" என்று கேட்பதாகக் கொள்வோம். எது எளிது? எது அரிது? விண்ணில் பாயும் ராக்கெட்டைச் செய்வது கடினம் என்றும், ஓடு வேய்ந்த பழைய மாளிகையைச் செய்வது எளிது என்றும் முதற்பார்வைக்குத் தோன்றும். உண்மையோ இதற்கு நேர்மாறானது. அஃது ஏன் என்பதையும், மாதிரி உரு ஒன்றின் அருமையைத் தொடங்குமுன்பே மதிப்பிடுவது எவ்வாறு என்பதையும் ஈண்டுக் காண்போம்.

விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. பிறந்தநாளுக்கென்று தந்தை விலையுயர்ந்த பெட்டி ஒன்றை வாங்கி வருகிறார். மேலட்டையில் மேகத்தைக் கிழித்துப் பறக்கும் விமானம். உள்ளே முந்நூறு துண்டுகள். முதல் நாள் ஆர்வம், இரண்டாம் நாள் தடுமாற்றம், மூன்றாம் நாள் பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. போனது பணம் மட்டுமன்று. "இது என் கைக்கு வராது" என்னும் முடிவு அப்பிள்ளையின் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. கை சோர்ந்ததன்று குற்றம். கைக்கு மீறிய வேலையைத் தேர்ந்ததே குற்றம். அதனை முன்னரே அறிந்து தவிர்க்க வழியுண்டு.

முதலில் அளவைப் பற்றிச் சிறிது தெளிதல் வேண்டும். பெட்டியின்மேல் 1/72 என்று அச்சிட்டிருந்தால், உண்மைப் பொருளின் 72 அங்குலம், அதாவது 6 அடி, மாதிரியில் 1 அங்குலமாகக் குறுகும் என்பது பொருள். ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மை ஆகிறான். 1/48 என்றால் 4 அடிக்கு 1 அங்குலம். 1/144 என்பது 1/72இல் பாதி. இந்த 1/72 அளவு 1930களில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த மர விமானப் பெட்டிகளால் பரவியது. 1936இல் அங்கேயே பிராக் நிறுவனத்தின் 'பெங்குவின்' வரிசை பிளாஸ்டிக் துண்டுகளை அறிமுகம் செய்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் இதே அளவில் ஆயிரக்கணக்கான விமானங்களை மரத்தில் செதுக்கித் தந்தனர். வானில் தெரியும் விமானம் நண்பருடையதா பகைவருடையதா என்று வீரர்கள் நிழலுருவைக் கொண்டே அறியப் பழகுவதற்கு அவை உதவின. சிறு உரு செய்தல் வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இஃதொரு சான்று.

இனி, பெட்டியே கூறும் மதிப்பீட்டைப் பார்ப்போம். ரெவெல் போன்ற நிறுவனங்கள் 1 முதல் 5 வரை எண்ணிட்டு, இன்ன வயதினர்க்கு உரியது என்றும் குறிக்கின்றன. இந்த எண் துண்டுகளின் தொகையையும் நுணுக்கத்தையும் முதன்மையாகக் கொண்டது. வழிகாட்டி என்ற அளவில் இது பயனுடையதே. ஆயினும் துண்டுகள் மிகுந்தால் அருமை மிகும் என்று கொள்வது முழுமையாகாது. நூறு துண்டுகள் நன்றாகப் பொருந்துமாயின் அது பொறுமைக்கு மட்டுமே சோதனை. இருபதே துண்டுகள் ஒன்றோடொன்று முரண்டுமாயின் அது திறமைக்குச் சோதனை.

டைகர் மாத் என்னும் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1931இல் உருவான இவ்விமானத்தில் நம் நாட்டு விமானிகள் பலரும் பறக்கக் கற்றனர். 1/72 அளவில் இதன் சிறகு விரிவு பன்னிரண்டு சென்டிமீட்டரை அடுத்தே வரும், துண்டுகளும் குறைவு. ஆனால் சிறகு இரண்டு அடுக்கு. கீழ்ச் சிறகுக்கும் மேற்சிறகுக்கும் இடையே ஈர்க்குப் போன்ற தூண்கள் நிற்கின்றன. மேற்சிறகை வைக்கும் அந்த ஒரு நொடியில் எல்லாத் தூண்களும் ஒருசேரத் தத்தம் குழிகளில் அமர வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் முழு விமானமும் கோணும். அதன்பின் மயிரிழை போன்ற நூல்களால் கம்பிகள் கட்ட வேண்டும். இதற்கு மாறாக, பெங்களூரில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டு 1965ஆம் ஆண்டுப் போரில் பெயர்பெற்ற 'நாட்' விமானம் ஒற்றைச் சிறகுடையது. அதே 1/72 அளவில் சுமார் 12 சென்டிமீட்டர் நீளம் வரும். உடலின் இரு பாதிகளை ஒட்டி, சிறகைச் செருகி, வாலை வைத்தால் வடிவம் வந்துவிடும். பெட்டிகள் இரண்டும் ஒரே பருமனாக இருக்கலாம். வேலைகள் இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே, துண்டுகளை எண்ணுவதற்கு மாற்றாக ஐந்து வினாக்களை நாம் முன்வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண் இடலாம்.

முதல் வினா: மூட்டு எங்கே விழுகிறது? இரு துண்டுகள் சேரும் கோடு ஒரு விளிம்பிலோ மூலையிலோ மறைந்தால் தொல்லையில்லை. வழவழப்பான பரப்பின் நடுவே விழுந்தால் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, கோடே தெரியாமல் செய்தல் வேண்டும். கண்ணாடி போன்ற துண்டில் மூட்டு விழுந்தால் அருமை இன்னும் மிகும்.

இரண்டாம் வினா: ஒரே நேரத்தில் எத்தனை துண்டுகள் நேராக நிற்க வேண்டும்? ஒவ்வொன்றாக ஒட்டி, உலரவிட்டு, அடுத்ததற்குப் போகலாமெனில் எளிது. பல துண்டுகள் ஒருங்கே ஒத்து நிற்க வேண்டுமெனில் அரிது.

மூன்றாம் வினா: திரும்பப்பெற முடியாத படிகள் எத்தனை? பிளாஸ்டிக்குக்கு உரிய பசை, மாவுப்பசையைப் போல நடுவில் நின்று பிடிப்பதன்று. இரு பக்கத்தையும் சிறிது கரைத்து ஒன்றாக உருக்கிவிடுவது. ஒட்டிய பின் பிரித்தால் பரப்பே சிதையும். உள்ளே இருக்கையையும் கருவிகளையும் அமைத்து மூடிவிட்டபின், உள்ளே ஒன்று கழன்றால் எடுக்க வழியில்லை. இத்தகைய மூடுபடிகள் எத்தனை என்று எண்ணுதல் வேண்டும்.

நான்காம் வினா: வண்ணம் எப்போது, எவ்வாறு? எல்லாவற்றையும் ஒட்டி முடித்தபின் ஒரே நிறம் பூசலாமெனில் எளிது. ஒட்டுமுன்பே உட்பகுதிகளுக்குப் பூச வேண்டுமெனில் சற்று அரிது. வெண்மையும் மஞ்சளும் அடிநிறத்தை எளிதில் மறைப்பதில்லை. உலோகப் பளபளப்போ ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும். போர் விமானங்களின் பச்சையும் பழுப்பும் கலந்த திட்டுத்திட்டான பூச்சு, தொடங்குவோரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்.

ஐந்தாம் வினா: ஒரே வேலை எத்தனை முறை? ஒரு சக்கரம் செய்வது இன்பம்; டாங்கி ஒன்றின் சங்கிலிப் பட்டைக்கு நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளைத் தனித்தனியே வெட்டி, பிசிறு நீக்கிக் கோப்பது தவம். கை அறிந்த வேலையேயாயினும் மனம் சலிக்கும் இடம் அது.

கூட்டுத்தொகை பதினைந்தைத் தாண்டாது. முதல் முயற்சிக்கு ஐந்து வரையிலும், இரண்டு மூன்று உருக்களை முடித்தவர்க்கு எட்டு வரையிலும் ஏற்றது எனலாம். எனினும், கூட்டுத்தொகையைக் காட்டிலும் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஐந்தில் ஏதேனும் ஒன்று மூன்றாக நின்றால், மற்றவை சுழியமாயினும் அது தொடங்குவோர்க்கு உரியதன்று. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர். வேலை முழுவதும் எளிதாக இருந்து ஓரிடத்தில் மட்டும் கைக்கு மீறினால், உரு அந்த ஓரிடத்திலேயே நின்றுபோகும். டைகர் மாத்துக்கு இரண்டாம் வினாவில் மூன்று. 'நாட்' விமானத்துக்கு எதிலும் மூன்று இல்லை. வேற்றுமை இதுவே.

இந்த அளவுகோலைக் கொண்டு, வெள்ளறடையைச் சூழ்ந்த மூன்று படைப்புகளையும் மதிப்பிடுவோம். இவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டாமல் அட்டையிலும் மரத்திலும் நாமே வெட்டிச் செய்தாலும் வினாக்கள் மாறுவதில்லை.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டு சுமார் 44 மீட்டர் உயரமும் 2.8 மீட்டர் விட்டமும் உடையது. 1/144 அளவில் அது ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் உயரமும் 2 சென்டிமீட்டர் பருமனும் கொண்ட ஒரு குழல். குழலின் நெடுக ஒரு மூட்டு, அதற்கு இரண்டு. அடியில் சுற்றி நிற்கும் துணை ராக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும், ஆயினும் ஒவ்வொன்றாக ஒட்டலாம், அதற்கு ஒன்று. மூடுபடி இல்லை. எழுத்துகளும் கொடியும் கோணாமல் அமைய வேண்டும், வண்ணத்துக்கு ஒன்று. துணை ராக்கெட்டுகள் ஆறு. திரும்பச் செய்தலுக்கு ஒன்று. ஆக ஐந்து. உலகையே வலம்வரும் கோள்களை ஏற்றிச்செல்லும் பொறி, சிறு உருவில் ஒரு பள்ளி மாணவனின் கைக்குள் அடங்கிவிடுகிறது.

மாத்தூர்த் தொட்டிப்பாலம், பட்டணங்கால் கால்வாயின் நீரைப் பறளியாற்றுப் பள்ளத்தின் மேலே ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கடத்துகிறது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் வேளாண்மைக்காகக் காமராசர் ஆட்சிக்காலத்தில் கருவுற்ற திட்டம் இது. மிக ஆழமான இடத்தில் 115 அடி உயரம். தாங்கும் தூண்கள் 28. நீர் ஓடும் தொட்டியின் அகலம் ஏழரை அடி. 1/144 அளவில், அதாவது 12 அடிக்கு 1 அங்குலம் என்னும் கணக்கில், உயரம் ஒன்பதரை அங்குலத்துக்குச் சற்று மேலும், தொட்டியின் அகலம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கீழும் வரும். மூட்டுகள் விளிம்பில் மறைகின்றன, சுழியம். சிமென்டு நிறம் ஒன்றே, சுழியம். ஆனால் பள்ளத்தின் ஆழத்துக்கேற்பத் தூண்களின் உயரம் வேறுபட, தலைமட்டம் மட்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நேர் நிற்றலுக்கு மூன்று. இருபத்தெட்டுத் தூண்கள், திரும்பச் செய்தலுக்கும் மூன்று. கூட்டினால் ஆறுதான், எனினும் இரண்டு இடங்களில் மூன்று நிற்பதால் இது முதல் முயற்சிக்கு ஆகாது. இரண்டு தூண்களையும் அவற்றின் மேலுள்ள தொட்டித் துண்டையும் மட்டும் செய்தால் இரு மூன்றுகளும் ஒன்றாகக் குறையும். அரிய வேலையை எளிதாக்கும் வழி, பொருளைச் சுருக்குவது மட்டுமன்று. பொருளின் ஒரு பகுதியைத் தேர்வதுமாகும்.

பத்மநாபபுரம் அரண்மனையோ, மரத்தச்சரின் கைத்திறன் நிறைந்த மாளிகைகளின் தொகுதி. 1750ஐ ஒட்டி மார்த்தாண்டவர்மர் எழுப்பிய நான்கு நிலை உப்பரிகை மாளிகை, அவைக்கூடமாகிய மந்திரசாலை, தாய்க்கொட்டாரம், மணிமேடை எனப் பலவும் வெவ்வேறு உயரத்தில் ஒன்றோடொன்று இணைந்து நிற்கின்றன. கூரைகள் சந்திக்கும் பள்ளங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் மூட்டுகள், இரண்டு. கூரைச் சரிவுகள் ஒத்த சாய்வில் நிற்க வேண்டும், இரண்டு. கூரையிட்டபின் உள்ளே கை நுழையாது, மூன்று. மரம், சுண்ணாம்பு, ஓடு, கருந்தரை என நிறங்கள் தனித்தனியே பூசத்தக்கவை, இரண்டு. சாளர மரச்சட்டங்களும் ஓட்டு வரிசைகளும் எண்ணற்றவை, மூன்று. ஆகப் பன்னிரண்டு. விண்ணேறும் ராக்கெட்டு ஐந்து, மண்ணில் நிற்கும் மாளிகை பன்னிரண்டு! வடிவத்தின் அருமை வேறு, பொருளின் புகழ் வேறு என்பது இதனால் தெளிவாகும்.

பொருளை மதிப்பிட்டபின், செய்பவரின் கையையும் செய்யும் இடத்தையும் மதிப்பிடுதல் வேண்டும். மும்பையின் மழைக்காலத்தில் சிலவகைப் பூச்சுகள் காற்றின் ஈரத்தால் வெண்புகை படர்ந்தாற்போல் மங்கும். தில்லியின் கோடையில் தெளிக்கும் வண்ணம் பரப்பை அடையுமுன்பே உலர்ந்து பொடியாகப் படியும். விரைவில் பற்றும் சயனோ பசை, காற்றின் ஈரத்தாலேயே இறுகுவது. ஆகவே கடற்கரை நகரங்களில் இன்னும் விரைந்து பற்றும். அதன் ஆவி விமானத்தின் கண்ணாடி மூடியில் வெண்படலமாகப் படிந்துவிடுவதும் உண்டு. ஒரே பெட்டி ஓர் ஊரில் எளிதாகவும் மற்றோர் ஊரில் அரிதாகவும் அமைவதற்கு இவையே காரணம். கரைப்பான் கலந்த பசையையும் வண்ணத்தையும் காற்றோட்டமுள்ள இடத்தில் கையாள்வதும், கூர்ங்கத்தியைப் பெரியவர் கண்காணிப்பில் தருவதும் எவ்வூரிலும் பொதுவான நெறி.

வாங்குமுன் செய்யத்தக்கன சில உள. மேலட்டையின் ஓவியத்தை நம்பாது, துண்டுகள் தொங்கும் சட்டங்களின் படத்தைக் காண்க. அச்சு பழையதா புதியதா என விசாரிக்க. பல ஆண்டுகளுக்கு முந்திய அச்சில் வார்த்த துண்டுகளே புதிய அட்டைக்குள் வருவதுண்டு. பழைய அச்சு தேய்ந்திருந்தால் பிசிறும் இடைவெளியும் மிகும். விளக்கத்தாளைப் புரட்டி, "இந்தப் படியில் பிழைத்தால் திரும்ப வழி உண்டா?" என்று ஒவ்வொரு படியிலும் வினவுக. வாங்கியபின், பசை தொடுமுன் துண்டுகளை வெறுமனே சேர்த்துப் பார்க்க. பெட்டி பழையதாயின், நீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் சித்திரத் தாளில் ஒரு சிறு துண்டை முதலில் சோதிக்க. காலப்போக்கில் அது நொறுங்கும் இயல்புடையது.

இறுதியாக, வெளிமாநில நேயர்களுக்குச் சிறப்பாகச் சொல்லத்தக்கது ஒன்று. இத்தகைய பெட்டிகளின் விளக்கத்தாள் பெரும்பாலும் படங்களால் ஆனது. அம்புக்குறியும் எண்ணும் துண்டின் உருவமும் எம்மொழியினர்க்கும் ஒன்றே. மராத்தியிலோ இந்தியிலோ பாடம் படிக்கும் பேரப்பிள்ளையும், தமிழ் மட்டுமே அறிந்த பாட்டனாரும் ஒரே தாளை வைத்துக்கொண்டு அருகருகே அமரலாம். வேலை நடக்கும்போது சொற்கள் தாமே வரும். சிறகு, வால், அச்சு, ஆணி, பிசிறு, மூட்டு, விளிம்பு, மட்டம் என்று பாட்டனார் சொல்லச் சொல்ல, பிள்ளை அச்சொற்களைப் பொருளோடு கையில் ஏந்துகிறான். நவராத்திரிக் கொலுவில் மணலும் தீப்பெட்டியும் கொண்டு பூங்காவும் ஊரும் அமைத்துப் பழகிய நம் வீடுகளுக்கு இது புதிதன்று.

அவ்வாறு அமரும் நாட்கள் பயன்பட வேண்டுமெனில் வேலை முடிய வேண்டும். முடிவதற்குரிய வேலையைத் தேர்வதே முதல் திறமை. ஆகவே அடுத்த பெட்டியை வாங்குமுன் துண்டுகளை எண்ணாதீர். ஐந்து வினாக்களையும் கேட்டு, மூன்று எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தை உங்கள் வீட்டுக் கைகள் கடக்கும் என்று தோன்றினால் தயங்காது தொடங்குங்கள். கடக்காது என்று தோன்றினால், அந்தப் பெட்டி இன்னும் ஓராண்டு கடையிலேயே இருக்கட்டும்.